ஈ உட்கார்ந்த கை

தருவைகுளம்,
புதன்கிழமை.

அன்பு மகன் கிளைட்டனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நீ அங்கே ஜெர்மனியில் சுகமாக இருப்பாய். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத மனசு வரவில்லை, உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதோடு பேசக்கூடாது என்று ஒரு சத்தியமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் உனக்கு ஒரு ஈ போட்டோ அனுப்பினேனே. கண்ணில் வரி வரியாக, இறக்கையில் கறுப்புப் புள்ளியோடு, நம் ஊரில் யாரும் பார்த்திராத ஈ. நீ பூச்சி ஆராய்ச்சிக்காரன், அஞ்சாவது நிமிஷம் பதில் வந்தது. இது வீட்டு ஈ இல்லை அம்மா, வேறு குடும்பம், இறக்கை நரம்பு தெரிந்தால்தான் பெயர் சொல்ல முடியும், பக்கவாட்டில் நாலு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். சரி, அந்த ஈ எதன் மேல் உட்கார்ந்திருந்தது? அதை ஏன்லே நீ பார்க்கவில்லை? அது உங்க அப்பா கை. வலது கை. கட்டைவிரல் அடியில் வீங்கிக் கறுத்துப்போன கை. ஈயின் காலையும் மயிரையும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்த உன் கண்ணுக்குப் பெத்த அப்பன் கை தெரியவில்லையா?

மூன்று வாரத்துக்கு முன்னால் வலையிலிருந்து மீன் எடுக்கும்போது கெளுத்தி முள் குத்திவிட்டது. சுகர் இருக்கிற உடம்பு. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால், சுண்ணாம்பும் மஞ்சளும் போதும்ளா என்று என் வாயை அடைத்தார். மகனிடம் சொல்வேன் என்றதும், அவன் வேலை நிரந்தரமாகிற நேரம், அவன்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது என்று மாதா படத்தில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். நானும் பண்ணித் தொலைத்தேன். அப்புறம்தான் இந்த ஈ புண்ணில் வந்து உட்கார ஆரம்பித்தது. பேசத்தானே கூடாது, காட்டலாமே என்று எனக்கு ஒரு யோசனை. ஈ என்றால் நீ சோறு தண்ணி இல்லாமல் பார்ப்பாய், அப்படியே கையையும் பார்த்துப் பதறி அப்பாவுக்குப் போன் போடுவாய் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் பதிலை உன் மாமா மகள் ஸ்டெபி வாசித்துக் காட்டினதிலிருந்து உங்க அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. என் மகன் கேட்டிருக்கான், புது ஈயாம்லே என்று ஏலக்கூடம் முழுக்கச் சொல்லியாயிற்று. மூன்று நாளாகக் காலையில் புண்ணில் சுற்றின துணிக்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மஞ்சள்கூடத் தடவாமல், கருவாடு காய்கிற இடத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஈயை விரட்டப் போனால், ஏளா அசையாத, மகனுக்கு ரெக்க தெரியணும் என்கிறார். ஈ வருகிறது, உட்காருகிறது, புண் தெரியாமல் ஈயை மட்டும் எடு என்று அவர் சொல்ல, ஸ்டெபி போட்டோ எடுக்கிறாள். நேற்று இரண்டு விரல் மடங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினேன்.

பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன், எழுதமாட்டேன் என்று பண்ணவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். இதை ஸ்டெபி போட்டோ பிடித்து இப்போதே உனக்கு அனுப்புவாள். வாசித்ததும் அப்பாவுக்குப் போன் போடு. ஈயும் வேண்டாம் இறக்கையும் வேண்டாம், இன்றைக்கே தூத்துக்குடிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உங்களோடு பேசுவேன் என்று சொல். நான் சொன்னால் ஏறாது. நீ கேட்டாய் என்று ஈக்குக் கையை நீட்டினவர், நீ சொன்னால் டாக்டருக்கும் நீட்டுவார்.

அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. கோபத்தில் எழுதினதை மனசில் வைத்துக்கொள்ளாதே. இல்லை, வைத்துக்கொள். மாதா உனக்குத் துணை இருக்கட்டும். இதோடு இன்னொரு போட்டோவும் வரும். அதே கைதான். ஈயை விரட்டிவிட்டுத்தான் எடுக்கச் சொன்னேன். இப்போதாவது பார்.

உன் அம்மா,
டெல்பின் ஜேசுபாதம்