உங்கள் அண்ணனை மன்னிக்க மாட்டேன், மாமா

என் மாமாவுக்கு,

நல்லபடியாகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அண்ணனை நினைத்ததும் அது முடியவில்லை. கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

புருசன் பொண்டாட்டி நம் இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்தபின், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை இருவரும் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்தோம். கருமத்தம்பட்டியில் பழையபடி தறி ஓட்டினீர்கள். "அந்த மாத்திரை ஈரலை வேக வெச்சுப்போடும்" என்று சொல்லி, காங்கேயம் பக்கம் ஒரு மூலிகைக்காரரிடம் உங்களைக் கூட்டிப்போனார் உங்கள் அண்ணன். எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மாமா?

பிறகு விடாத தலைவலி. அறுந்த நூலை முடிய இடது கை வரவில்லை. பேச்சுக் குழறியபோது, குடித்திருக்கிறீர்கள் என்றார் அண்ணன். தறிக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். "இது டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணிங்கம்மா. நெறையப் பேர் உடம்புல சும்மா கெடக்கும். எதிர்ப்பு சக்தி கொறஞ்சா மூளையில கட்டி கட்டியாக் கெளம்பிரும். மருந்து இருக்குதுங்க. பாதியில மட்டும் உட்டுராதீங்க."

மருந்து கேட்டது. விரலை மடக்கினீர்கள். "அம்மணி, பசிக்குது" என்று தெளிவாகச் சொன்னீர்கள். எச்.ஐ.வி. வார்டில் நீங்கள் இருப்பது தெரிந்தால் தன் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று, நான் துணி எடுக்க வீட்டுக்குப் போன நேரம் பார்த்து உங்களைக் காரில் ஏற்றிவிட்டார் உங்கள் அண்ணன். அவர் வீட்டில் மருந்து நின்றது, மறுபடி வலிப்பு வந்தது. அப்புறம் நீங்கள் கண் திறக்கவேயில்லை. மூளைக்காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று ஊருக்குச் சொன்னார்.

இப்போது அவர் கொழுந்தியாளுக்கும் எச்.ஐ.வி. அதே மூலிகைக்காரரிடம் அவளைக் கூட்டிப்போகக் கிளம்பினார். கேள்விப்பட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். அவளும் அங்கேதான் இருந்தாள்.

"ஏனுங்க, மாத்திரைய நிறுத்த வெச்சு எம் புருசனக் கொன்னுபோட்டீங்க. இவளையும் கொல்லோணுமுங்களா?"

"மெதுவாப் பேசு அம்மணி. குடும்ப மானம் போயிரும்."

"போகட்டுமுங்க. அவரு மூளைக்காய்ச்சல்ல சாகலீங்க. இனி யாரு கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

அவள் எழுந்து என்னோடு வந்துவிட்டாள். மாத்திரை வாங்க இப்போது சேர்ந்துதான் பஸ் ஏறுகிறோம்.

அவரை மன்னிக்க மாட்டேன் மாமா. உங்களையே இன்னும் மன்னித்தபாடில்லை. ஆனால் அவளை ஒரு வேளை மாத்திரைகூட விட விடமாட்டேன். நானும் விடமாட்டேன். இது உறுதி.

கோபம் தீராமல்,
உங்கள் பொண்டாட்டி