கற்பனைத் தொழிலாளி

என் பிரியத்துக்குரிய செல்லத்துரை,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. தாராவியில் மழை விட்டுவிட்டது, சேறு விடவில்லை. நம் அறையில் நீ பாய் விரிக்கும் சுவரோரத்தில் இப்போது நாங்குநேரிப் பக்கத்து இசக்கி படுக்கிறான். தோல் பதனிடும் ஷாப்பிலும் உன் இடத்தில் அவன்தான் நிற்கிறான். மாட்டுங்காப் பக்கம் தெற்கத்திக்காரர்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லிச் சுவரில் எழுதுகிறார்களாம். அதைச் சொன்னால் நீ என்ன பதில் சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன்.

மார்கழி பிறந்துவிட்டது. படிப்பகத்தில் பொங்கல் விழாவுக்கு ஏற்பாடு நடக்கிறது. நம் கையெழுத்துப் பத்திரிகையின் பொங்கல் இதழில் உன்னைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று செயலாளர் பிடித்துக்கொண்டார். "செல்லத்துரையைப் பத்தி நல்லதா ஒரு கட்டுரை எழுதும்யா. படிக்கவன் மனசு எளகணும்," என்றார். உட்கார்ந்தேன். "செல்லத்துரை என்பவர் ஓர் உழைப்பாளி. அவர்..." என்று தொடங்கினேன். மூன்றாவது 'அவர்' வந்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். கட்டுரை இல்லை, இந்தக் கடிதம்தான் இதழில் வரப்போகிறது. நம் பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதி, அதுவும் என் கையெழுத்தில். சந்து முழுக்கக் கைமாறி, எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். எல்லோரும் படிக்கட்டும்.

கட்டுரையில் 'நான்' வரக்கூடாது என்ற சட்டத்தைப் போட்டவன் நான்தானே. மாட்டுங்காவில் ஒரு புலவர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, பத்திரிகை ஆசிரியன் என்ற மிதப்பில் சுவரில் எழுதி ஒட்டினேன்: 'பிறரை இணங்க வைக்கும் கட்டுரை படர்க்கையில் இருக்க வேண்டும். நான் என்று எழுதினால் அழுகை, அவர் என்று எழுதினால் வாதம்.' நீ அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தாய். "அப்பம் அழுதவன் சொல்லுததுல ஞாயமே கெடையாதா மச்சான்?" என்று கேட்டாய். பதில் தெரிந்த மாதிரி நடித்தேன்.

போன வருடம் இதே மார்கழியில், தோல் சுற்றி வரும் பழுப்புக் காகிதத்தில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாய். தலைப்பு 'உரசும் அறைக்கு ஒரு ஜன்னல்.' தோலை உரசி வழவழப்பாக்கும் அந்த அறையில் தூசி வெளியே போக வழி கிடையாது. பொங்கல் விழாவுக்கு முதலாளி வருவார், மேடையில் இதைப் படித்தால் அவர் மனம் மாறும் என்பது உன் கணக்கு. நல்ல கணக்குதான். முதல் வரியே "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று இருந்தது. நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

"எலே, இது கட்டுரையா, ஊருக்குப் போடுத கடுதாசியா?"

"நடக்கதத்தான எழுதியிருக்கேன்."

"யாருக்கு நடக்குன்னு இருக்கப்படாது. 'ஒரு தொழிலாளி'ன்னு போடு. மொதலாளியும் காது குடுத்துக் கேப்பாரு, ஒன் வேலைக்கும் வேட்டு வராது."

நீ காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாய். இரண்டு நாளில் திருத்திக் கொண்டுவந்தாய். 'நான்' ஒன்றுகூட இல்லை. ஆனால் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'காலையில் குழாயடியில் அந்தத் தொழிலாளி துப்புவது சிவப்பாக இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்குமுன் அவர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்.' இது நிஜமா என்று கேட்டேன்.

"கட்டுரைக்கு ஒரு அழுத்தம் வேணும்னு நீதானல சொன்ன," என்றாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மகிழ்ந்தேன். கை தேறிவிட்டாயே என்று முதுகில் தட்டினேன். தட்டியதும் உனக்கு இருமல் வந்தது. வெற்றிலைப் புகையிலை காரம் என்றாய். நீ எந்தக் காலத்தில் புகையிலை போட்டாய், செல்லத்துரை? ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறோம். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

விழாவில் நான்தான் படித்தேன், ஆசிரியர்தான் படிப்பது என்பது நம் வழக்கம். குழாயடி வரி வந்தபோது பந்தலில் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். படித்து முடித்ததும் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்தார். "யாருப்பா அந்தத் தொழிலாளி? நம்ம ஷாப்புதான? எந்திரிச்சு நிக்கச் சொல்லு. நாளைக்கே நானே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

நீ மூன்றாம் வரிசையில் இருந்தாய். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது கை வரவில்லை.

அந்தப் பொங்கலுக்கு முந்தின தீபாவளிச் சமயத்தில், உடம்புக்கு முடியவில்லை என்று சொன்ன ஒருவரைக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பியது என் நினைவுக்கு வந்தது. பெயரைச் சொன்னால் உன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இது பாதி நிஜம். மீதி என்னவென்றால், மேடையில் நின்று கைதட்டல் வாங்கிய போதை. "அப்படி யாரும் இல்லைங்க மொதலாளி. கட்டுரைக்காகச் சேத்தது, கற்பனை," என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி. சிரித்தார். "நல்லவேளை! கற்பனை மனுசனுக்குக் கற்பனை ஜன்னல் போதும்லா," என்றார். பந்தலே சிரித்துக் கை தட்டியது. நானும் சிரித்தேன். ஒரு மனிதரை இணங்க வைக்கத்தானே அந்தக் கட்டுரை? அவர் இணங்கிவிட்டார், செல்லத்துரை. உன் எழுத்து ஜெயித்துவிட்டது. அதைத் தோற்கடித்தது நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் உன்னைக் கெடுத்தேன்.

ஆடியில் உன்னை டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் திட்டினார். ஆறு மாதம் முன்னால் கூட்டிவந்திருந்தால் ஊசியிலும் மாத்திரையிலும் எழுந்து உட்கார்ந்திருப்பானே என்றார். ஆறு மாதம் முன்னால் என்றால் பொங்கல். வராந்தாவில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணாமலே தெரிந்ததுதான்.

சாகும்வரை நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குரல் உள்ளே போன பிறகும் ஒருநாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "கட்டுரை நல்லாத்தானல இருந்துச்சு?" என்று கேட்டாய். நல்லா இருந்தது என்றேன். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது வேறொன்று என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இசக்கிக்கு ஒரு வாரமாக இருமல். முந்தாநாள் கேட்டேன். "அண்ணே, ஒண்ணுமில்ல. எம் பேர எங்கயும் சொல்லிராதீக, வேல போயிரும்," என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பயம் எனக்குப் புரிகிறது, அது நான் வளர்த்த பயம். அவன் பெயரை அவன் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் மட்டும் இழுத்துக்கொண்டு போவேன். நாளைக்குக் காலையில் போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் முதலாளி வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு விழாவுக்கு அழைக்கப் போகிறோம். தட்டு என் கையில்தான். அங்கே வைத்து இதைச் சொல்லப் போகிறேன், ஜன்னல் திறக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன், வேலை போனாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. போன பொங்கலிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லும் முன் இங்கே, எல்லோரும் படிக்க எழுதிவிடுகிறேன்:

முதலாளி, அந்தத் தொழிலாளியின் பெயர் செல்லத்துரை. நீங்கள் கேட்டவுடன் அவன் மூன்றாம் வரிசையில், முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்துவிட்டான். மேடையிலிருந்து நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் 'கற்பனை' என்றேன். அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினான்.

இப்படிக்கு,
அக்கா தங்கை கொடுக்காமலே உனக்கு மச்சான் ஆன
பொன்னையா