பால் பிடித்த கதிர்

ஆவணி, வெள்ளி இரவு.

எங்கள் வயலை வாங்கி ரிசார்ட் கட்டியவர்கள் வாசலில் ஒரு பாத்தி மட்டும் நெல் வளர்த்து, 'சஸ்டெய்னபிள்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் தோட்ட வேலை. போர்டில் இருப்பதற்கு அர்த்தம் கேட்டதற்கு மகள், "இன்னைக்கு எடுத்தாலும் நாளைக்கும் மிஞ்சுத மாதிரி வச்சுக்கிடுததும்மா" என்றாள்.

இன்று மேனேஜர் அவரிடம், "அண்ணாச்சி, கதிர் பழுத்தா போட்டோவுக்கு நல்லாருக்காது. பிடுங்கிட்டுப் புது நாத்து வைங்க. எப்பவும் பச்சையா இருக்கணும்" என்றாராம். பால் பிடித்த கதிரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

விதைக்காவது நாலு கதிரை விளைய விடக்கூடாதா?

சோறு வைத்தேன். தொடவில்லை. "எத்தனை தடவ கழுவியும் கையில பால் வாசம் போகலட்டி" என்றார்.

காலையில் அதே பாத்தியில் நாற்று நடப் போகணும் அவர்.