கலங்கல் என்று சொன்ன கடல்

கொழும்பு

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உம்மா மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாவா?

போன கிழமை எங்கள் கந்தோரில் வேலை செய்பவர்கள் எல்லோரும் திருகோணமலைக்குச் சுற்றுலா வந்தோம். உங்களுக்கு அறிவிக்கவில்லை. கண்ணாடி போட்டுக் கடலுக்குள் மீன் பார்க்க எங்கே போகலாம் என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

"உங்கட மூதூர்ப் பக்கம் ஒரு இடமும் இல்லையா?" என்றாள் என் பக்கத்து மேசைக் கீர்த்தனி.

நீங்கள் சங்கு குளிக்கும் கடலடிப் பாறை, நம் பார்தான் உடனே நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே போனால் வீட்டுக்கும் வருவார்களே என்று கூச்சப்பட்டு, "அங்க தண்ணி கலங்கல்" என்றேன். புறாமலைத் தீவுக்குப் போனோம்.

படகில் நீங்கள் பழக்கியபடி, ஆவி படியாமலிருக்கக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்தேன். படகோட்டி சிரித்தார்.

"ஜவாஹிர் நானாவும் இப்படித்தான் தேய்ப்பார். முகமும் அவர்தான். நீங்க நானாட மகளா, புள்ள?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் "இல்லை" என்றேன்.

மீன்கள் அழகாக இருந்தனவாம். அவ்வளவு தேய்த்தும் எனக்குக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

தொலைபேசியில் இதைச் சொல்ல ஏலவில்லை. பெருநாளுக்குக் கீர்த்தனியையும் கூட்டி வருகிறேன். நம் பாருக்கு எங்களைத் தோணியில் கொண்டுபோங்கள். உம்மாவிடம் கொஞ்சம் நெத்தலிக் கருவாடு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே தனியாகச் சாப்பிட ஒன்றும் இறங்குவதில்லை. கந்தோர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

படகோட்டியின் பெயர் றிஸ்கான். அவரைக் கண்டால், அது என் மகள்தான் என்று நீங்களாவது சொல்லிவிடுங்கள் வாப்பா.

உங்கள் மகள்,
சனூஸா