அக்காவின் விசாவுக்கு என் தீர்ப்பு

செவ்வாய், மாயாபந்தர், அந்தமான்

உலகோருக்கு அறிவிப்பு: எங்கள் ஆடு என் கணக்குப் புத்தகத்தைத் தின்று, என்னைவிட அதிகக் கணக்கை உள்வாங்கிவிட்டது.

மற்றபடி வீடு முழுக்கப் பயம். கனடாவில் இருக்கும் அத்தானிடம் போக, அக்கா 'மனைவி விசா'வுக்கு இங்கிருந்தே விண்ணப்பிப்பதா, டூரிஸ்டாக அங்கே போய் அவரோடு இருந்துகொண்டே விண்ணப்பிப்பதா?

நான் விசா அதிகாரியாக உட்கார்ந்து, "ஷாதி அஸ்லி ஹை க்யா, மேடம்?" என்று, கல்யாணம் நிஜம்தானா என இந்தியில் விசாரித்தேன்.

மெயின்லேண்டைத் தாண்டியிராத அக்கா சிரிக்கவில்லை. "தாலி கட்டுன வாரமே அவரு ஃப்ளைட் ஏறிட்டாரு. நிஜக் கல்யாணம்னு எப்படிடா நம்புவாங்க?"

"விசான்னாலே விசாரணைதான்க்கா. அங்க போய் மாட்டிக்காத, இங்கருந்தே போடு," என்றேன், வக்கீல் மாதிரி. அப்பாவே தலையாட்டிவிட்டார்.

உண்மையில் விசாவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இங்கிருந்து போட்டால் முடிவு வரும்வரை அக்கா இங்கேயேதான் இருக்கணும் என்று அத்தான் போனில் சொன்னது மட்டும் காதில் விழுந்திருந்தது. எனக்கு அது போதும்.