ஒன்றாக்கிய மேற்கோள்

மார்ச் 3
அலுவலகத்தில் வேலை குறைவு. விக்கிப்பீடியாவில் நிலத்தடி நீர் கட்டுரையை ஒழுங்குபடுத்தினேன். அடிக்குறிப்புகளா அவை! ஒரே ஆய்வை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் முழு விவரம் கொடுத்து ஒரு குறும்பெயர் வைத்தால் போதும். மற்ற இடங்களில் அந்தக் குறும்பெயரே விவரத்தை இழுத்து வந்துவிடும். யார் கேட்கிறார்கள்? கிணற்று உப்பு பற்றி இரண்டு மேற்கோள்கள் — அதே ஆய்விதழ், அதே ஆண்டு, தலைப்பும் ஏறக்குறைய அதே. ஒன்றை நீக்கி, அது இருந்த இடங்களில் எல்லாம் மற்றதன் குறும்பெயரைப் போட்டேன். பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

மார்ச் 5
விக்கியில் கணக்கே தொடங்காத யாரோ, நான் நீக்கியதைத் திரும்பச் சேர்த்திருக்கிறார். 'இது வேறு கட்டுரை' என்று குறிப்பு வேறு. வந்துட்டாங்க! சரியாகப் பார்க்காமலே பழையபடி மாற்றினேன். 'சொந்த விளம்பரத்துக்கு இது இடமல்ல' என்று காரணம் எழுதினேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

மார்ச் 11
தங்கைக்கு இன்று கல்லூரி வேலைக்கு நேர்காணல். வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 12
தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"போச்சுக்கா. நேர்காணல்ல ஒருத்தர் போனை எடுத்து விக்கியக் காட்றார். இந்த உப்பு ஆய்வெல்லாம் உங்க பேராசிரியரோடதுன்னுல்ல போட்டிருக்குங்கறார். அவரோடதும் என்னோடதும் ஒரே இதழ்ல வந்துச்சு, ஆனா வேற வேற. நான் போன வாரமே போய் சரி பண்ணினேன்கா. ஏதோ ஒரு மேதாவி அதை அழிச்சிட்டு, விளம்பரம்னு திட்டி வெச்சிருக்கு."

கிணறு கிணறாக அலைந்தவள். என்ன ஆராய்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் 'தண்ணி சம்பந்தமா ஏதோ' என்பேன்.

காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். அப்பவே சொல்லியிருக்கலாம். ஏன் வாயைத் திறக்கல? என்னை எனக்கே பிடிக்கல.

மார்ச் 13
இரண்டு மேற்கோள்களையும் பிரித்துப் போட்டேன். நான் நீக்கியதில் முதல் ஆசிரியர் இடத்தில் அவள் பெயர். இதைக்கூடப் படிக்காமலா அழித்தேன்? கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் 'தவறு என்னுடையது, மன்னிக்கவும்' என்று என் புனைபெயரில் எழுதினேன். புனைபெயரில் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

மார்ச் 15
பதில் வந்திருக்கிறது: 'நன்றி ஐயா. வேலை கிடைக்கவில்லை. பெயராவது திரும்பக் கிடைத்ததே.'

ஐயாவாம்.

திரும்பத் திரும்பப் படித்தேன். பதிலுக்கு ஏதேதோ தட்டி, அழித்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"சொல்லுக்கா" என்றாள், வழக்கம்போல.