முன்பக்கம் தேயாத ஷூ

என் அன்பு வாண்டுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீ சுகம் என்று நீயே போனில் சொல்கிறாய், அதை அப்படியே நம்பிக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம் உன் பழைய ஷூ வந்து சேரும்வரை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் திடீரென்று மீசையை எடுத்துவிட்டார், ஏன் என்று கேட்டால் தெரியலையே என்கிறார், வீட்டுக்குள் யாரோ வேற்று ஆள் நடமாடுகிற மாதிரி இருக்கிறது. வாஷிங் மெஷின் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் ஷூவின் அடிச் சோலை அழுத்தி ஒட்டப் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறது, அது போடுகிற சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இதெல்லாம் கிடக்கட்டும், நான் கேட்க வந்தது வேறு. போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், எனக்கும் வாய் வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முன்னே போட்ட மாதிரியே இன்னொரு ஜோடி வேணும்மா என்று கேட்டாய். ஓட்டக்காரர்களுக்கு அளவெடுத்து ஷூ தைக்கிற இடத்தில் வெட்டுகிறவள் நான், பழையதைப் புரட்டிப் பார்க்காமல் யாருக்கும் புதியது வெட்டமாட்டேன் என்று உனக்குத் தெரியும், நீயும் மறக்காமல் அனுப்பிவிட்டாய். பிரித்ததும் முதல் ஆச்சரியம், ஷூ பளிச்சென்று கழுவியிருந்தது. ஷூவைக் கழுவு என்று நான் தொண்டை வற்றக் கத்தியும் ஒருநாள் கேட்டவளா நீ. பிறகு திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். முன்பாதத்தில் நான் வைத்த ரப்பர் பற்கள் தரையைக் கவ்வி உன்னை முன்னே தள்ளுவதற்கு, நீ ஓடினால் முதலில் தேய்வது அதுதான், போன ஜோடியில் அந்த இடம் மொட்டையாகவே போயிருந்தது. இதில் பல் பல்லாக அப்படியே நிற்கிறது. தேய்ந்திருப்பது குதிகால், அதுவும் வெளி ஓரம். நடுவில் இருக்கிற ஸ்பாஞ்ச், நீ தரையில் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கி மறுபடி உன்னை எழுப்பிவிடத்தான் வைத்தேன், அது குதிகாலடியில் நசுங்கி இனி எழும்பமாட்டேன் என்கிறது. கால் பக்கவாட்டில் ஆடாமல் குதிகாலைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் கிண்ணம் மாதிரி கெட்டியாக ஒன்று இருக்குமே, அதை மிதித்தே மடக்கியிருக்கிறாய். கால் முன்னே நழுவி நகம் கறுக்கக் கூடாதென்று லேஸ் கோர்க்க மேலே ஒரு கண் கூடுதலாகக் குத்திக் கொடுத்தேன், அதில் லேஸ் நுழைந்த தடமே இல்லை, முடிச்சும் அவிழ்க்காத முடிச்சு. ஓடுவதற்கு முன்னால் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு என்னையும் இழுத்துப் பார்க்கச் சொல்கிற பெண் நீ. சோல் இடுக்கை ஊசியால் கிளறினேன், மண் வரவில்லை, கடையில் சாமான் மேல் ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு விலைச்சீட்டு நசுங்கி வந்தது. நீ ஓடுகிற மைதானத்துக்கு அது எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாவிடம் காட்டினால், அவ கூடத் தங்கியிருக்கற பொண்ணோட ஷூவ மாத்தி அனுப்பிட்டா என்று ஒரே போடாகப் போட்டார். ஷூவின் நாக்கைத் தூக்கிக் காட்டினேன், லேஸ் உன் காலை அறுக்காமலிருக்க நான் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த நாக்கு, என் தையல் எனக்குத் தெரியாதா. உள்ளட்டையில் கட்டைவிரலைத் தாண்டி நீண்ட உன் இரண்டாம் விரலின் பள்ளமும் இருக்கிறது. எங்கள் பட்டறையில் சோல் ஒட்டுகிற பசைக்காரரோ, அந்த ஊர்ப் பக்கம் குதிகால ஊனித்தான் ஓடச் சொல்லுவாங்களா இருக்கும் என்கிறார், அவருக்கும் நிச்சயமில்லை. எனக்கு என் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உன் பாத வளைவு தாழ்ந்து போகாமலிருக்க உள்ளட்டைக்குக் கீழே ஒரு மேடு வைத்தேனே, அதைப் பின்னால் தள்ளி வைத்து, வலி எடுத்து, நீ ஓட்டத்தையே விட்டுவிட்டாயோ என்று பயந்து உன் காலளவுக்குச் செதுக்கி வைத்திருக்கிற கட்டையை எடுத்து அளந்தேன். சரியாக இருந்தது. திரும்ப அளந்தேன், அப்போதும் சரியாகத்தான் இருந்தது. தப்பாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தேன். காலையிலிருந்து மேசை முன்னால் நின்றே வேலை செய்கிறவளின் செருப்பு. உன் ஷூவை அதன் பக்கத்தில் வைத்தேன், குதிகால், வெளி ஓரம், எல்லாம் அக்கா தங்கை மாதிரி ஒரே தேய்மானம். எனக்கு அழுகை வந்துவிட்டது, நீ ஓடவில்லை என்றா, என்னிடம் சொல்லவில்லை என்றா, இப்போதும் சரியாகத் தெரியவில்லை. ஓட்டத்துக்காகவே உன்னைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி, பயிற்சி நல்லாப் போகுதும்மா என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், நான் உன் வாயை நம்புவதா ஷூவை நம்புவதா. அங்கே என்ன நடந்தது, யாராவது ஏதாவது சொன்னார்களா, நீயாக விட்டாயா, ஒன்றும் புரியாமல் தப்புத் தப்பாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் மேசையில் இரண்டு சோல் இருக்கிறது. ஒன்று முன்னால் பல் வைத்தது, ஓட. இன்னொன்று அடி அகலமாய், குதிகாலில் மெத்தென்று, நாள் முழுக்க நிற்க. மேல்பாகம் இரண்டுக்கும் ஒன்றுதான், அது உன் காலுக்கு வெட்டி முடித்துவிட்டேன். எதை ஒட்டச் சொல்ல என்று மட்டும் ஒரு வரி எழுது, காரணம் எழுத மனம் வந்தால் எழுது, வராவிட்டால் வேண்டாம். என் செருப்போடு வைத்துப் பார்த்ததை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நல்லா இரு கண்ணு, எந்தக் குறையும் இல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு, ஷூவை லேஸ் அவிழ்த்துப் போடு, குதிகாலை மிதிக்காதே. சாயங்காலம் வந்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் படு, வீக்கம் வடிந்துவிடும், நான் தினமும் செய்வதுதான்.

உன் பதிலுக்காகப் பசையைத் திறக்காமல் வைத்திருக்கும்
அம்மா